பிரெட் தூளை முதலில் வறுத்துவிடுங்கள்: விருந்துக்கு ஓவன் இறால், நண்டு கட்லெட், கூடவே டிப்

கேள்வி இதுதான்: வீட்டில் 20 பேருக்கு விருந்து. இரவுச் சாப்பாடு பிறகு இருக்கிறது. அதற்கு முன் கையில் எடுத்துச் சாப்பிட கடல் உணவில் ஏதாவது வேண்டும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க முடியாது, அதனால் ஓவனில்தான் செய்ய வேண்டும். போன முறை இறாலின் மேல் தடவிய பிரெட் தூள் வெளுத்து, நசநசவென்று இருந்தது. உள்ளே இறால் ரப்பராகிவிட்டது. எங்கே பிசகியது, தொட்டுக்கொள்ள என்ன டிப் செய்யலாம்?

பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஓரளவு பெரிய இறால் 220 டிகிரி செல்சியஸ் ஓவனில் எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் பச்சைப் பிரெட் தூள் பொன்னிறமாக அந்த நேரம் போதாது, அதுவும் ஈர இறாலின் மேல் உட்கார்ந்திருந்தால் சுத்தமாகப் போதாது. தூள் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் இறால் ரப்பர். இறாலைக் காப்பாற்ற வெளியே எடுத்தால் தூள் வெளுப்பு. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது என்றால், நடுவில் மனம் கேட்காமல் இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெயில் பொரிக்கும்போது இந்தத் தொல்லை கிடையாது. 180 டிகிரிக் கொதி எண்ணெய் சுற்றிலும் தோலைத் தொடுவதால் உள்ளே வேகும் நேரத்துக்குள் வெளியே சிவந்துவிடும். ஓவனில் தொடுவது வெறும் சூடான காற்று. காற்று சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி.

ஆகவே முதல் வேலை, தூளைத் தனியாக முன்கூட்டியே வறுத்து வைப்பது. பான்கோ என்று விற்கும் ஜப்பானியப் பிரெட் தூள் இதற்கு ரொம்பப் பொருத்தம். அது ஓரப் பட்டை இல்லாத பிரெட்டைச் சீவிச் செய்வது. செதில் செதிலாக இருக்கும், இடையில் காற்று புகும், சாதாரணப் பொடியைப் போல அப்பிக்கொள்ளாது. ஒரு கிலோ இறாலுக்கு மூன்று கப் பான்கோ எடுங்கள். அகலமான வாணலியில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் தூளைப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காது. நான்காவது நிமிடத்தில் ரொட்டி வாசனை வரும், ஓரத்தில் இருப்பது நிறம் மாறும். அங்கிருந்து கருகுவதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது, அப்போது கைபேசியை எடுத்தால் போச்சு. தேன் நிறத்துக்கு ஒரு படி முன்னால் இறக்கி, உடனே வேறு தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருத்துப்போகும். உப்பு, மிளகுத்தூள், துளி மிளகாய்த்தூள், துருவிய எலுமிச்சைத் தோல் எல்லாம் ஆறிய பிறகு கலக்கலாம். பொடியாக நறுக்கிய பூண்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஓவனில் அதுதான் முதலில் கருகிக் கசக்கும்.

இந்த வறுத்த தூள் காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் தாராளமாக இருக்கும். விருந்தன்று ஓவனின் வேலை இறாலை வேகவைப்பது மட்டும். நிறத்தைப் பற்றிய கவலை ஒழிந்தது.

அடுத்தது தண்ணீர். மொறுமொறுப்புக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. உறைந்த இறால் பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சிலவற்றில் பாஸ்பேட் உப்பு சேர்த்திருப்பார்கள். அது இறாலைத் தண்ணீர் குடிக்க வைக்கும். எடையும் ஏறும், பார்க்கப் பளபளவென்றும் இருக்கும்; ஓவனில் போட்டதும் அந்தத் தண்ணீரெல்லாம் ட்ரேயில் குளமாக நிற்கும். இறாலும் உப்பும் தவிர வேறெதுவும் இல்லாத பாக்கெட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மேலே பூசியிருக்கும் ஐஸ் படலமும் எடையில் சேர்ந்திருக்கக்கூடும், ஐஸ் நீங்கிய நிகர எடையைப் பார்த்து அளவு போடுங்கள்.

இறாலின் அளவை 21/25, 31/40 என்று எண்ணால் குறித்திருப்பார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் சிறிதாக இருந்தால் இறால் பெரிது. உங்களுக்கு 21/25 சரியாக வரும். கிலோவுக்கு ஏறக்குறைய 50 கிடைக்கும், ஓவனில் இரண்டு நிமிடம் முன்பின் ஆனாலும் தாங்கும். 41/50 போன்ற சின்ன இறால் கண் இமைப்பதற்குள் வெந்துவிடும். தலையோடும் ஓட்டோடும் வாங்கினால் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைந்ததை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், வடிதட்டில் போட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து விட்டுவிடுங்கள். மறந்துபோனால் பாக்கெட்டோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றலாம். வெந்நீர் வேண்டாம், சமையல் மேடையில் மணிக்கணக்கில் விட்டுவைப்பதும் வேண்டாம்.

உரித்து, முதுகு நரம்பை எடுத்து, வாலை மட்டும் விட்டுவையுங்கள். வால்தான் பிடி. ஒரு கிலோ உரித்த இறாலுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் தூவிப் பிசறி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே போய் ஈரத்தைப் பிடித்துவைக்கும், சோடா சதையைச் சற்றுக் கெட்டியாகவும் கடித்தால் நறுக்கென்றும் வைத்திருக்கும். சோடாவைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் சோப்பு வாடை அடிக்கும். பாக்கெட் இறாலில் ஏற்கெனவே உப்பு இருந்தால் நாம் போடும் உப்பைப் பாதியாக்கிவிடுங்கள். பிறகு கழுவ வேண்டாம். காகிதத் துண்டு விரித்து, இறாலைப் பரப்பி, மேலே இன்னொரு துண்டு போட்டு அழுத்தி ஒற்றுங்கள். துண்டு நனைந்தால் மாற்றி மறுபடியும் ஒற்றுங்கள். விரலால் தொட்டால் வழுக்காமல் லேசாக ஒட்ட வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகுதான் மாவுக்குப் போக வேண்டும்.

வாடைக்காக முதலிலேயே எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மீன் வாடைக்குப் பெரும் காரணமான டிரைமெத்திலமைனைப் புளிப்பு அடக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதே புளிப்பு சதையையும் மாற்றும். அரை மணி ஊறினால் இறாலின் வெளிப்பக்கம் வெந்தது போல வெளுத்து, சுட்ட பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியலாம், டிப்பில் சேர்க்கலாம். ஊறவைக்க வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் மூக்கைத் துளைக்கும் வாடை இருக்கிறது என்றால் எலுமிச்சை அதைக் காப்பாற்றாது, அந்த இறாலைத் தூக்கி எறிவதுதான் வழி.

மாவு தடவுவதில் என் முறை கொஞ்சம் வேறு. முதலில் முக்கால் கப் மைதாவில் புரட்டி நன்றாக உதறுங்கள். அப்புறம் முக்கும் கலவை: இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி மஸ்டர்ட் சாஸ், சேர்த்து அடித்தது. வெறும் முட்டை வழிந்து ஓடும். மயோனைஸ் சேர்ந்ததும் கெட்டியாகித் தூளைப் பிடித்துக்கொள்ளும், ஓவனில் கிடைக்காத எண்ணெய்ப் பசையையும் அதுவே கொஞ்சம் கொடுக்கும். கடைசியாக வறுத்த தூளில் வைத்து, மேலும் தூள் அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு என்று பிரித்துக்கொண்டால் பத்தாவது இறாலில் விரல்களே கட்லெட் ஆகாமல் தப்பிக்கலாம். தூளை ஒரே தட்டில் மொத்தமாகக் கொட்டாமல் மூன்று முறையாகப் போடுங்கள்; முட்டை சொட்டிச் சொட்டிக் கட்டியான தூள் எதிலும் ஒட்டாது.

ட்ரேயில் நேராக அடுக்கினால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே ஊறும். ட்ரேயின் மேல் ஒரு கம்பி ரேக் வைத்து, அதில் எண்ணெய் தடவி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். ரேக் இல்லையென்றால் காலி ட்ரேயை ஓவனோடு சேர்த்துச் சூடாக்கி, எடுத்து எண்ணெய் தடவி, சுர்ரென்று சத்தம் வரும்படி வையுங்கள். பேக்கிங் பேப்பர் போடுவதாக இருந்தால் அதன் அட்டையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுத் தாளைத் தவறியும் போட்டுவிடாதீர்கள்.

ஓவன் 220 டிகிரி. விசிறி ஓடும் ஓவன் என்றால் 200 போதும். விளக்கு அணைந்ததும் தயார் என்று நம்பாமல் மேலும் ஒரு பத்து நிமிடம் விடுங்கள். விளக்கு சொல்வது காற்றின் சூட்டை, சுவர்கள் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். ட்ரேயை மேல்தட்டுக்கு ஒன்று கீழே வைத்து எட்டாவது நிமிடத்தில் பாருங்கள். ஆங்கில எழுத்து சி மாதிரி வளைந்திருந்தால் பதம். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் தாண்டிவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி காட்டினால் போதும். ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, சமைப்பவருக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி.

இறால் இவ்வளவு. இரண்டாவது வகையாக நான் சொல்வது நண்டு கட்லெட். இறால் கடைசி நிமிட வேலை கேட்கும், கட்லெட்டை முந்தின நாளே முடித்துவிடலாம். இரண்டும் சேர்ந்தால் உங்கள் மாலை சமாளிக்கக்கூடியதாக இருக்கும்.

நண்டு கட்லெட்டில் எல்லோரும் செய்யும் பிழை, உடைந்துவிடுமோ என்று பயந்து பிரெட் தூளைக் கூட்டிக்கொண்டே போவது. கடைசியில் நண்டு வாசனையடிக்கும் பிரெட்தான் மிஞ்சும். அதற்குப் பதில் பச்சை இறாலை அரைத்துப் பசையாக்குங்கள். 150 கிராம் உரித்த இறாலை நன்றாகக் குளிரவைத்து, அரைத் தேக்கரண்டி உப்போடு மிக்சியில் விட்டு விட்டு அரைத்தால் பிசுபிசுவென்று இழுபடும் விழுது வரும். உப்பு இறாலின் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. வேகும்போது அது இறுகிக் கட்லெட்டைப் பிடித்துக்கொள்கிறது. விழுது சூடேறினால் பிடிப்பு போய்விடும், அதனால்தான் குளிரவைப்பதும் விட்டு விட்டு அரைப்பதும். இதில் இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி மஸ்டர்ட் சாஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், எலுமிச்சைத் தோல், மிளகு, இரண்டு கைப்பிடி பிரெட் தூள் கலந்து, கடைசியில் 400 கிராம் நண்டுச் சதையைப் போட்டுக் கையால் மடித்துக் கலக்குங்கள். பிசையக் கூடாது. நண்டு திப்பி திப்பியாகத் தெரிய வேண்டும், அதற்குத்தானே இவ்வளவு பாடு.

அதற்கு முன்னால் நண்டை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி விரலால் தடவி ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்தது என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் பாருங்கள். டப்பா நண்டு என்றால் வடிகட்டி, மெல்லிய துணியில் இட்டுப் பிழிந்துவிட வேண்டும். நண்டுக் குச்சி என்று சிவப்பு ஓரத்தோடு வருவது பெரும்பாலும் வெள்ளை மீனை அரைத்துச் செய்த சுரிமி. சாலட்டுக்கு அது சரி. கட்லெட்டில் போட்டால் இனித்துக்கொண்டு இழை இழையாக நிற்கும், நான் போடமாட்டேன்.

30 கிராம் வீதம், சிறு எலுமிச்சை அளவு உருட்டித் தட்டினால் 20, 22 கட்லெட் வரும். உங்களுக்கு இரண்டு மடங்கு தேவைப்படும். இரண்டு பக்கமும் வறுத்த தூளில் ஒற்றி, ட்ரேயில் அடுக்கி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். இந்த ஓய்வைத் தவிர்க்காதீர்கள். பிரெட் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டால்தான் புரட்டும்போது உடையாது. 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பி விடுங்கள். அரைத்த கலவை என்பதால் நடுவில் 70 டிகிரியைத் தாண்டிவிடட்டும். தட்டிப் புரட்டப் பொறுமை இல்லாதவர்கள் சின்ன மஃபின் ட்ரேயின் குழிகளில் எண்ணெய் தடவி நிரப்பிவிடலாம். ஓரமெல்லாம் தானாகச் சிவக்கும், திருப்பும் வேலையும் இல்லை.

மீன் வேண்டும் என்று யாராவது கேட்டால் தடித்த வெள்ளை மீனை ஓர் அங்குலத் துண்டாக வெட்டி இதே மாவு, இதே தூள். ஓர் அங்குலத் தடிமனுக்குப் பத்து நிமிடம் என்பது பழைய கணக்கு, பெரும்பாலும் பொய்க்காது. சால்மனில் கொழுப்பு அதிகம், ஒரு நிமிடம் கூடினாலும் வறண்டுபோகாது; முதல் முறை செய்கிறவர்களுக்கு அது கைகொடுக்கும். கணவாய் வேண்டாம். ஒன்று நிமிடக் கணக்கில் வேக வேண்டும், அல்லது முக்கால் மணி வேக வேண்டும். நம் பத்து நிமிடம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு செருப்புத் தோலாக்கிவிடும்.

சரி, டிப்புக்கு வருவோம். பொரித்த உணவில் எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அதற்குப் புளிப்பும் காரமும் உள்ள நீர்த்த சாஸ் நன்றாகப் பொருந்தும். ஓவனில் சுட்டதில் கொழுப்பு குறைவு. அந்தக் குறையை டிப்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே அடித்தளம் மயோனைஸ், அதன் கனத்தை வெட்டப் புளிப்பு, இடையிடையே பல்லில் கடிபட ஏதாவது ஒன்று. டார்ட்டர் சாஸ் இத்தனை காலம் மீனோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த மூன்றும் அதில் இருப்பதுதான்.

அந்த டார்ட்டர் சாஸ், 20 பேருக்கு: ஒன்றரைக் கப் மயோனைஸ், அரைக் கப் கெட்டித் தயிர், ஐந்து மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய கெர்கின் (வினிகரில் ஊறிய சிறு வெள்ளரிக்காய்), ஒன்றரை மேசைக்கரண்டி கேப்பர்ஸ் (உப்பிலோ வினிகரிலோ ஊறிய சிறு பூ மொட்டு), ஒரு மேசைக்கரண்டி மிகப் பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி மஸ்டர்ட் சாஸ், ஒரு சிறு பல் பூண்டு. தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். கெர்கினை நறுக்கிய பின் உள்ளங்கையில் வைத்துப் பிழியுங்கள், அரைக் கரண்டி தண்ணீராவது இறங்கும். அந்த அரைக் கரண்டிதான் நாளை உங்கள் டிப்பின் மேல் மிதக்கப்போவது. பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு சேர்த்தால் பச்சைக் காட்டம் அடங்கிவிடும். உப்பு கடைசியில்தான். கேப்பர்ஸும் கெர்கினும் உப்பை மெதுவாக விடும். கலந்தவுடன் ருசி பார்த்து உப்பைப் போட்டால் மறுநாள் வாயில் வைக்க முடியாது.

கலந்ததை ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். பதம் பார்க்க ஒரு கரண்டியின் பின்பக்கத்தை முக்கி எடுத்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் சூடான இறாலிலும் நிற்கும், விருந்தினரின் சட்டையிலும் சொட்டாது.

காரம் பிடித்தவர்களுக்கு இரண்டாவதாக ஒன்று வைக்கலாம்: ஒரு கப் மயோனைஸில் இரண்டு மேசைக்கரண்டி சில்லி சாஸ், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி தேன். இரண்டு நிமிட வேலை, முதலில் தீர்வதும் இதுதான். டார்ட்டர் சாஸுக்கு அவ்வளவு மெனக்கெட்ட பிறகு இதைப் பார்க்கச் சற்று எரிச்சலாகக்கூட இருக்கும். மூன்றாவது டிப் வேண்டாம். மேசையில் கிண்ணம் கூடக்கூட ஒவ்வொன்றும் பாதி தொட்டுக் கிடக்கும்.

வீட்டிலேயே மயோனைஸ் அடிப்பதாக இருந்தால் அதில் பச்சை முட்டை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள் வரும் விருந்தில் பாஸ்ச்சரைஸ் செய்த முட்டையால் ஆன பாட்டில் மயோனைஸ்தான் சரி. ருசியில் ஒரு படி இறங்கினால் பரவாயில்லை.

அளவு: பின்னால் சாப்பாடு இருப்பதால் ஆளுக்கு நான்கைந்து துண்டு போதும். 50 இறால், 44 கட்லெட், ஆக ஏறக்குறைய 95. ஸ்டார்ட்டர் மட்டுமே விருந்து என்றால் ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று கணக்குப் போட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுட்டு அடுக்கிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். அனுபவித்தவன் சொல்கிறேன். ஒரு முறை விருந்தினர்கள் வரத் தாமதமானது. சூடு ஆறக்கூடாதே என்று ட்ரேயை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி வைத்தேன். 20 நிமிடம் கழித்துத் திறந்தபோது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். இறாலை வாலைப் பிடித்துத் தூக்கினால் தூள் கழன்று நனைந்த சட்டை மாதிரி ட்ரேயிலேயே தங்கிவிட்டது. சுட்டதை மூடவே கூடாது. காத்திருக்க வேண்டியிருந்தால் ஓவனை 95 டிகிரிக்கு இறக்கி, கம்பி ரேக்கின் மேல் திறந்தபடி வையுங்கள். கட்லெட் 20 நிமிடம் தாங்கும். இறால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

அதனால் அலை அலையாகச் சுடுங்கள். முதல் சுற்று 25 இறால், அது மேசைக்குப் போனதும் 22 கட்லெட், அப்புறம் மறுபடி இறால். ஒரு ட்ரே வெளியே வந்த பிறகுதான் அடுத்தது உள்ளே. ஒரே சமயத்தில் இரண்டு ட்ரேயைத் திணித்தால் ஓவன் முழுக்க ஆவி சூழ்ந்து இரண்டும் கெடும். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்த பிறகு சூடு திரும்ப ஐந்து நிமிடம் கொடுங்கள். விருந்தினர்களுக்கும் இதுதான் பிடிக்கும், 20 நிமிடத்துக்கு ஒரு முறை சூடாக ஏதோ வருகிறதே.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். முந்தின நாள்: இறால் ஃபிரிட்ஜுக்கு மாற வேண்டும், தூள் வறுக்க வேண்டும், டார்ட்டர் கலக்க வேண்டும், இரவில் கட்லெட் தட்டி மூடி வைக்க வேண்டும். விருந்துக்கு இரண்டு மணி முன்: இறாலுக்கு உப்பும் சோடாவும். ஒரு மணி முன்: ஒற்றி, மாவு, முட்டை, தூள், ரேக்கில் அடுக்கி ஃபிரிட்ஜில். இதை இன்னும் முன்னால் தள்ள வேண்டாம், இறால் விடும் ஈரத்தில் தூள் ஊறிவிடும். ஓவனை அரை மணி முன் போடுங்கள். கட்லெட்டைப் பச்சையாகவே உறைய வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே உறைந்து இளகிய இறால் அதில் இருந்தால் இரண்டாம் முறை உறைந்து இளகும்போது தண்ணீர் இன்னும் அதிகமாக விடும். ஒரு நாளில் முடியும் வேலைக்கு அது தேவையில்லை.

அழைப்பு விடுக்கும்போதே ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோபோமயோசின் என்ற புரதம். அது சூட்டில் அழியாது. நன்றாக வேகவைத்துவிட்டோம், ஒன்றும் செய்யாது என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. மீன் ஒவ்வாமை வேறு, ஓட்டுடலி ஒவ்வாமை வேறு. ஒன்று இருப்பவர் மற்றதைச் சாப்பிடக்கூடும் என்றாலும் அது அவரும் அவருடைய மருத்துவரும் முடிவு செய்ய வேண்டியது. நம் பட்டியலில் முட்டை, கோதுமை, கடுகு, பால் எல்லாமே இருக்கின்றன, கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கடல் உணவே தொடாதவர்களுக்குக் காளான் ஒரு ட்ரே செய்வதாக இருந்தால் அதை முதலில் சுடுங்கள். அதற்குத் தனித் தூள், தனித் தட்டு, தனி இடுக்கி. டிப்பிலும் ஒரு கிண்ணம் அவர்களுக்கென்று தனியாக இருக்கட்டும். இறால் முங்கி எழுந்த கிண்ணத்தைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

மேசையில் டிப் கிண்ணத்தை ஐஸ் போட்ட பெரிய பாத்திரத்தில் உட்காரவையுங்கள். சிறு கிண்ணமாக எடுத்து, தீர்ந்தால் புதுக் கிண்ணம் வையுங்கள். பழையதன் மேலேயே ஊற்றி நிரப்ப வேண்டாம். சுட்டதோ டிப்போ, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் இடத்தில் திறந்தவெளி விருந்து என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் ஃபிரிட்ஜுக்குப் போன கட்லெட்டை மறுநாள் 200 டிகிரியில் எட்டு நிமிடம் காட்டினால் ஓரளவு மொறுமொறுப்பு திரும்பும். இறாலை மறுபடி சுடாதீர்கள், குளிர்ந்தபடியே அரிந்து மீந்த டார்ட்டரில் கலந்து பிரெட்டுக்கு நடுவில் வைத்தால் அருமையாக இருக்கும்.

கடைசியாக, மேசையில் காலிக் கிண்ணம் ஒன்று வையுங்கள், இறால் வால் போட. நீங்களே முதல் வாலை அதில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது எதற்கென்று யாருக்கும் புரியாது. அந்தக் கிண்ணம் இல்லாத விருந்துகளில் நான் வாலைப் பூச்சாடியில் பார்த்திருக்கிறேன், சோபா இடுக்கில் பார்த்திருக்கிறேன், ஒரு முறை டார்ட்டர் சாஸுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன்.